தூர் வாராத குளமும் நாறுற காத்தும்

கூகுள் மேப்பைத் திறந்து சாட்டிலைட் வியூ போட்டுக்கோங்க. அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் நார்த் கரோலினா மாநிலம், அதுல டூப்ளின் கவுண்டி. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கலாம். ஜூம் பண்ணிக்கிட்டே போனா பச்சை வயலுக்கு நடுவுல நீளமான கொட்டகைகள் வரிசையா தெரியும். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்துல ஒரு குளம். சில குளம் பழுப்பு, சில குளம் கரும்பச்சை. சிலது மட்டும் அச்சு அசல் ரோஸ் மில்க் கலர்.

அந்தக் குளங்கள்ல இருக்கிறது பன்றிக் கழிவு. நார்த் கரோலினாவில் சுமார் 80 லட்சம் பன்றிகள் இருக்கு. டூப்ளின், அதை ஒட்டின சாம்ப்சன், இந்த ரெண்டு கவுண்டியிலேயே அதுல கிட்டத்தட்ட 40 லட்சம். டூப்ளின்ல வாழற மனுஷங்க 50 ஆயிரத்துக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு பன்றி போடுற கழிவு ஒரு மனுஷனை விட பல மடங்கு அதிகம். ஆனா மனுஷனோட கழிவுக்கு ஊர்ல சுத்திகரிப்பு நிலையம் இருக்கும், இங்கே இருக்கிறது மண்ணுல தோண்டின குளம் மட்டும்தான். அதுக்கு லகூன்னு பேரு. கடற்கரை ரிசார்ட் விளம்பரத்துல வர்ற அதே வார்த்தை!

இந்த லகூன் நாறுறதுக்கும், அதோட அடியில் சேர்ற தூருக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா, நாற்றத்தைப் போக்குறதுக்குன்னு விக்கிற பாதி சரக்கு ஏன் வேலை செய்யறதில்லைங்கிறதும் புரிஞ்சுடும். கெமிக்கல், சிவில், பயோடெக், எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் படிக்கலாம், கணக்கு கொஞ்சம்தான்.

குளத்துக்குள்ள என்ன நடக்குது

கொட்டகையில் பன்றிகள் நிக்கிற தரை, இடைவெளி விட்டுப் போட்ட கான்கிரீட் பலகைகளால் ஆனது. மலமும் மூத்திரமும் அந்த இடைவெளி வழியா கீழே இருக்கிற ஆழமில்லாத தொட்டியில் விழும். சில நாளுக்கு ஒருமுறை தொட்டியோட அடைப்பைத் திறந்து விட்டா எல்லாம் குழாய் வழியா லகூனுக்குப் போயிடும். அப்புறம் லகூனோட மேல்தண்ணியையே பம்ப் பண்ணி தொட்டியை மறுபடி நிரப்புவாங்க. அதாவது லகூன் கெட்டுப் போனா கொட்டகையையும் கெட்ட தண்ணியாலதான் கழுவுறோம். மிச்சத் தண்ணி பெரிய ஸ்பிரே கன் வழியா பக்கத்து வயல்ல பீய்ச்சி அடிக்கப்படும். அதுல இருக்கிற நைட்ரஜன் புல்லுக்கும் சோளத்துக்கும் உரம்.

காகிதத்துல பார்த்தா அழகான டிசைன். மோட்டார் ரொம்பக் குறைவு, ஆள் குறைவு, செலவு குறைவு. 1980, 90கள்ல அந்த மாநிலத்தில் பன்றி வளர்ப்பு மளமளன்னு பெருகினதுக்கு இந்த மலிவான குளமும் ஒரு காரணம்.

லகூன்ல ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாம வாழற நுண்ணுயிர்கள்தான் வேலை செய்யுது. நம்ம ஊர் சாண எரிவாயு கலனுக்குள்ள நடக்கிற அதே வேலை. இதை ரெண்டு டீம் செய்யுதுன்னு வச்சுக்கோங்க. முதல் டீம் கழிவுல இருக்கிற மாவு, கொழுப்பு, புரதத்தை உடைச்சு அமிலங்களா மாத்தும். பியூட்டிரிக், வேலரிக் மாதிரி அமிலங்கள், கூடவே கிரெசால், இன்டோல், ஸ்கேட்டோல், ஹைட்ரஜன் சல்ஃபைடு. நாத்தம்னு நாம சொல்றது பெரும்பாலும் இந்த லிஸ்ட்டைத்தான். ரெண்டாவது டீம் மீத்தேன் நுண்ணுயிர். அது அமிலங்களைச் சாப்பிட்டு மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடுமா மாத்தும். இந்த ரெண்டுக்கும் வாசனையே கிடையாது.

ஹாஸ்டல் மெஸ்ஸை யோசிச்சுப் பாருங்க. சாப்பிடுறவங்க வேகமா சாப்பிட்டுட்டு தட்டை வச்சுட்டுப் போயிடுவாங்க. தட்டு கழுவுறவர் ஒரே ஆள், நிதானமாத்தான் கழுவுவார். வர்ற கூட்டமும் கழுவுற வேகமும் பொருந்தி இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. கூட்டம் திடீர்னு ரெண்டு மடங்கு ஆனா தட்டு குவிஞ்சுடும். லகூன்ல குவியுற தட்டுதான் அந்த அமிலங்கள். குவிஞ்சா பி.எச் குறையும். பி.எச் ஆறரைக்குக் கீழே போனா மீத்தேன் நுண்ணுயிர் இன்னும் மந்தமாயிடும், அதனால இன்னும் அமிலம் குவியும். ஒரு தடவை இந்தச் சுழல்ல மாட்டினா வெளியே வர வாரக்கணக்குல ஆகும். தோசை மாவு புளிக்கிற மாதிரி குளமே புளிச்சுப் போறதுதான் இது.

குளிரும் இதுல சேரும். குளிர்காலத்துல ரெண்டாவது டீம் கிட்டத்தட்ட லீவ் போட்டுடும். ஆனா கழிவு வர்றது நிக்காது. வசந்த காலத்துல தண்ணி சூடேறும்போது சேர்ந்து கிடந்த சரக்கு மொத்தமா கிளம்பும். ஒழுங்கா நடத்துற லகூன்கூட வருஷத்துல சில வாரம் நாறுறதுக்கு இதுதான் காரணம்.

அப்போ அந்த ரோஸ் கலர்? அது ஊதா கந்தக பாக்டீரியா. வெளிச்சத்தை வச்சு ஒளிச்சேர்க்கை செய்யும். ஆனா செடி தண்ணியை உடைக்கிற இடத்துல இது ஹைட்ரஜன் சல்ஃபைடை உடைக்கும். அழுகிய முட்டை நாத்தம் அடிக்கிற வாயு மேலே வந்து காத்துல கலக்கிறதுக்கு முன்னாடியே வழியிலேயே சாப்பிட்டுடுது. அதனால ரோஸ் கலர் லகூன் பொதுவா நாத்தம் குறைஞ்ச லகூன். பார்க்கத்தான் பயங்கரமா இருக்கும். ஆனா இந்த பாக்டீரியாவுக்கு வெளிச்சம் வேணும். திடப்பொருள் அதிகமாகி தண்ணி கலங்கினா வெளிச்சம் உள்ளே போகாது, கலரும் போயிடும், நாத்தம் வந்துடும்.

தூர்

பாக்டீரியா எல்லாத்தையும் தின்னுடாது. தீவனத்துல இருக்கிற நார், முடி, மண், தாது உப்பு, செத்துப்போன பாக்டீரியா உடம்புங்க, இதெல்லாம் அடியில் படியும். டெக்ஸ்ட் புக்ல ஸ்லட்ஜ்னு போட்டிருக்கும். நம்ம ஏரிக்கும் கிணத்துக்கும் நாம சொல்ற தூர்ங்கிற வார்த்தை இதுக்குக் கச்சிதமா பொருந்தும்.

ஒரு லகூனை டிசைன் பண்ணும்போது அதோட கொள்ளளவைத் துண்டு துண்டா பிரிச்சு ஒதுக்குவாங்க. அடியில் தூருக்கு ஒரு பங்கு. அதுக்கு மேல சுத்திகரிப்புக்கு ஒரு பங்கு, அதாவது பாக்டீரியா வேலை செய்யற இடம். அதுக்கு மேல வயலுக்கு அடிக்கிற வரைக்கும் தேக்கி வைக்க ஒரு பங்கு. அப்புறம் 25 வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர பெருமழைக்கு இடம். கடைசியில கரை வழியாம இருக்க ஒரு அடி வெற்றிடம்.

சுத்திகரிப்புப் பங்குக்கு அங்கே பழக்கத்துல இருக்கிற கணக்கு, ஒரு பவுண்டு உயிர் எடைக்கு ஒரு கன அடி. 5,000 பன்றி இருக்கிற பண்ணைன்னு எடுத்துக்குவோம். குட்டியில் இருந்து விக்கிற சைஸ் வரைக்கும் சராசரியா ஒரு பன்றி 135 பவுண்டு, சுமார் 61 கிலோ. பெருக்கினா 6,75,000 கன அடி. நம்ம கணக்குல 1.9 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில சுமார் 1,600 லோடு! இது பாக்டீரியா வேலை செய்யற இடம் மட்டும்தான், மத்த பங்கெல்லாம் தனி.

இப்போ தூர் அதுக்கு ஒதுக்கின இடத்தைத் தாண்டி மேலே ஏறி, இந்தப் பங்கோட பாதியை அடைச்சுடுச்சுன்னு வைங்க. பன்றி அதே 5,000. வர்ற கழிவும் அதே அளவு. ஆனா வேலை செய்யற இடம் பாதி. அப்போ ஒரு கன அடிக்கு ஒரு நாளைக்கு வர்ற சுமை ரெண்டு மடங்கு. மெஸ்ல கூட்டம் ரெண்டு மடங்கு ஆனதுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லை. பண்ணையில் ஒரு பன்றிகூட கூடலை, ஆனா குளம் நாற ஆரம்பிச்சுடும். பண்ணைக்காரர் சத்தியமா சொல்லுவார், "நான் எதையுமே மாத்தலையே"ன்னு. அவர் சொல்றது உண்மைதான்.

தூர் எவ்வளவுன்னு அளக்கிறது ரொம்ப சிம்பிள். படகுல போய், வட்டத் தட்டு மாட்டின ஒரு கம்பை மெதுவா இறக்குவாங்க. தட்டு தூர் மேல உக்காரும் இடத்தைக் குறிச்சுக்கணும். அப்புறம் தட்டில்லாத கம்பை அடி மண் தட்டுற வரைக்கும் அழுத்தணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தூரோட உயரம். இதே மாதிரி குளம் முழுக்க பல இடத்துல எடுத்து சராசரி போடணும். இப்போ சோனார் கருவியும் பயன்படுத்துறாங்க.

சரி, அளந்தாச்சு, வார வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். பன்றித் தீவனத்துல செம்பும் துத்தநாகமும் சேர்க்கிறாங்க. அதுல உடம்புல ஒட்டுறது கொஞ்சம்தான், மீதி வெளியே வந்துடும். பாஸ்பரஸும் அப்படியே. இது மூணும் தண்ணியில நிக்காம தூர்லதான் போய்ச் சேரும். 15, 20 வருஷ தூரை ஒரே சமயத்துல வாரி பக்கத்து வயல்ல கொட்டினா மண்ணுல உலோகமும் பாஸ்பரஸும் ஏறிடும். தூரமா கொண்டு போகணும்னா அதுல பெரும்பகுதி தண்ணி, லாரி வாடகை கட்டுப்படியாகாது. அதனால தள்ளிப் போடுறாங்க. தள்ளிப் போடப் போட நாத்தம் ஏறும்.

பக்கத்து வீட்டுக்காரங்க

இது வெறும் மூக்கைப் பொத்திக்கிற விஷயம்னு நினைச்சா தப்பு. லகூன்கள் அதிகமா இருக்கிற பகுதிகள்ல வாழறவங்கள்ல கறுப்பின மக்கள், அமெரிக்கப் பூர்வகுடிகள், லத்தீன் மக்கள் விகிதம் அதிகம். பலர் குடும்ப நிலத்துல தலைமுறையா இருக்கிறவங்க, பன்றிக் கொட்டகை பின்னாடி வந்தது.

நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துல ஸ்டீவ் விங்னு ஒரு தொற்றுநோயியல் ஆராய்ச்சியாளர் இருந்தார். அவரோட குழு 16 குடியிருப்புகள்ல 101 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணுச்சு. ஒவ்வொருத்தரும் ரெண்டு வாரம், தினம் ரெண்டு தடவை, வீட்டுக்கு வெளியே 10 நிமிஷம் உக்காரணும். நாத்தம் எவ்வளவுன்னு எழுதணும், ரத்த அழுத்தத்தை அளக்கணும். காத்துல இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடை ஒரு கருவி தனியா அளந்துக்கிட்டே இருக்கும். நாத்தமும் அந்த வாயுவும் கூடும்போது ரத்த அழுத்தமும் கூடுறது தெரிஞ்சது. 2013ல கட்டுரையா வெளிவந்தது. ஆடம்பரமான லேப் எதுவும் இல்லாம, நாற்காலி போட்டு உக்கார வச்சு எடுத்த டேட்டா. எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் கோர்ட். மர்ஃபி-பிரவுன்ங்கிறது ஸ்மித்ஃபீல்ட் நிறுவனத்தோட பன்றி வளர்ப்புப் பிரிவு. பிளேடன் கவுண்டியில அவங்க பன்றிகளை வளர்த்த ஒரு பண்ணைக்குப் பக்கத்துல இருந்த 10 பேர் போட்ட வழக்குல, 2018 ஏப்ரல்ல ஜூரி 5 கோடி டாலருக்கு மேல நஷ்டஈடு கொடுக்கச் சொல்லுச்சு. மாநிலச் சட்டத்துல உச்சவரம்பு இருந்ததால அது 32.5 லட்சம் டாலரா சுருங்கிடுச்சு. வழக்குல வந்த ஒரு ஆதாரம் மறக்கவே முடியாதது. பன்றிக் குடல்ல வாழற ஒரு பாக்டீரியாவோட டி.என்.ஏ அடையாளத்தை வீடுகளோட வெளிச்சுவர்ல தேடினாங்க, இருந்தது. அதாவது காத்துல வந்தது வெறும் வாசனை இல்லை. 2020 நவம்பர்ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தோட பொறுப்பை உறுதி பண்ணுச்சு, நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இதுக்கு நடுவுல மாநில சட்டமன்றம் என்ன பண்ணுச்சு தெரியுமா? இனிமே இப்படி வழக்கு போடுறதையே கஷ்டமாக்கி 2017லயும் 2018லயும் சட்டம் போட்டுச்சு.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷயத்துல மூக்கை நம்பாதீங்க. குறைஞ்ச அளவுல அழுகிய முட்டை நாத்தம் அடிக்கும். காத்துல பத்து லட்சத்துல 100 பங்கைத் தாண்டினா மோப்ப நரம்பு மரத்துடும், நாத்தமே தெரியாது. "இப்போ பரவாயில்லை"ன்னு உள்ளே இறங்குறவங்க செத்துப் போறது அப்படித்தான். நம்ம ஊர்ல செப்டிக் டேங்க்ல இறங்கி உயிரை விடுறவங்களைக் கொல்றதுல பெரிய பங்கு இதே வாயுவுக்குத்தான்.

என்னென்ன பண்ணிப் பார்த்தாங்க

முதல்ல வர்றது பாட்டில். குளத்துல ஊத்தினா நாத்தம் போயிடும், தூர் கரைஞ்சுடும்னு சொல்லி விக்கிற பாக்டீரியா, என்சைம், செடிச்சாறு கலவைகள். பர்டியூ பல்கலைக்கழகம் இந்த மாதிரி 35 தயாரிப்புகளைப் பன்றிக் கழிவுல போட்டுச் சோதிச்சு 2001ல முடிவை வெளியிட்டுச்சு. பெரும்பாலானவை நாத்தத்துல சொல்லும்படியா எந்த மாற்றமும் காட்டலை. யோசிச்சா ஆச்சரியம் இல்லை. அந்த பாக்டீரியா எல்லாம் குளத்துல ஏற்கெனவே கோடிக்கணக்குல இருக்கு. குறையிறது பாக்டீரியா இல்லை, அது வேலை செய்யற இடம். நாரையும் மணலையும் செம்பையும் எந்த பாக்டீரியாவும் கரைக்கப் போறதில்லை.

அடுத்து, பி.எச்சை மாத்திப் பார்க்கலாமா? இது கெமிக்கல் பசங்களுக்குப் பிடிச்ச ஐடியா. ஆனா இது ஒரு சீசா பலகை. ஹைட்ரஜன் சல்ஃபைடு பி.எச் 7ல பாதி வாயுவா பறக்கத் தயாரா இருக்கும், 8ல 9 சதவீதம்தான். அப்போ சுண்ணாம்பு போட்டு பி.எச்சை ஏத்திடலாமேன்னு தோணும். ஏத்தினா அம்மோனியா கிளம்பும். 25 டிகிரியில அது பி.எச் 7ல அரை சதவீதம்தான் வாயு வடிவத்துல இருக்கும், 8ல 5 சதவீதம், 9ல 36 சதவீதம். ஒரு பக்கம் அமுக்கினா மறு பக்கம் எழும். கோடி லிட்டர் குளத்துக்கு ரசாயனம் வாங்குற பில்லு வேற.

காத்து அடைக்கலாம், அதாவது ஏரேட்டர். ஆக்சிஜன் கொடுத்தா நாத்தம் நிஜமாவே போயிடும். ஆனா கழிவு அவ்வளவு கெட்டியா இருக்கும்போது தேவைப்படுற ஆக்சிஜனும் அவ்வளவு, கரண்ட் பில் பண்ணையையே சாப்பிட்டுடும். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல மறுபடி வரும்.

குளத்துக்கு மூடி போடலாம். மலிவான மூடி வைக்கோல். ஒரு அடி கனத்துக்குப் பரப்பினா மிதந்துக்கிட்டே வாயுவை மெதுவா விடும், அந்த வைக்கோல்ல வளர்ற நுண்ணுயிர் வர்ற நாத்தத்துல ஒரு பங்கைச் சாப்பிடும். சில மாசத்துல ஊறி மூழ்கிடும், மூழ்கினது எங்கே போகும்? தூர்லதான். விலை கூடின மூடி கெட்டி பிளாஸ்டிக் ஷீட். வாயுவை மொத்தமாப் பிடிச்சு எரிக்கலாம், விக்கலாம். இதைப் பத்தி கடைசியில.

தீவனத்தை மாத்துறதும் ஒரு வழி, எனக்கு இது குறைச்சு மதிக்கப்பட்ட வழின்னு தோணுது. புரதத்தைக் கண்டபடி கொட்டாம, தேவையான அமினோ அமிலத்தை மட்டும் தனியா சேர்த்தா, தீவனத்துல புரதம் ஒரு சதவீதப் புள்ளி குறையும்போது வெளியே வர்ற நைட்ரஜன் 8ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் குறையுது. குளத்துக்கு வர்ற சுமையே குறைஞ்சுடும்.

கடைசியா, திடப்பொருளைக் குளத்துக்குப் போகவே விடாம முன்னாடியே பிரிச்சு எடுக்கிறது. மாட்டுப் பண்ணையில ஸ்க்ரூ பிரஸ்னு ஒரு மெஷின் உண்டு, கரும்பு ஜூஸ் பிழியற மாதிரி சாணத்தைப் பிழிஞ்சு நாரைத் தனியா தள்ளும். மாட்டுச் சாணத்துல நார் நிறைய, அதனால நல்லா வேலை செய்யும். பன்றிக் கழிவு வேற மாதிரி. தானியம் தின்னு வர்ற கழிவு, துகள் ரொம்பப் பொடி, அதுலயும் தண்ணி விட்டுக் கழுவி நீர்த்துப் போய் வருது. சல்லடை, பிரஸ் எதுல விட்டாலும் பெரும்பகுதி நழுவிப் போயிடும். நாத்தத்தையும் நைட்ரஜனையும் சுமக்கிறது அந்தப் பொடித் துகள்தான்.

இதுக்கு விடை நம்ம லேப்லயே இருக்கு. சிவில் பசங்க என்விரான்மென்டல் லேப்ல ஜார் டெஸ்ட் பண்ணியிருப்பீங்க. கலங்கல் தண்ணியில படிகாரம் போட்டுக் கலக்கினா பொடித் துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டையாகி அடியில் உக்காருமே, அதேதான். படிகாரத்துக்குப் பதிலா பாலிஅக்ரிலமைடுங்கிற பாலிமர். நீளமான சங்கிலி, அதுல நேர்மின்சுமை. துகள்ல எதிர்மின்சுமை. ஒரு சங்கிலி பல துகளை இழுத்துக் கட்டிடும். உருண்டை பெருசானதும் சாதாரண சல்லடையே பிடிச்சுடும்.

வேலை செஞ்ச ஒரு சிஸ்டம்

1995 ஜூன் 21 அன்னிக்கு ஆன்ஸ்லோ கவுண்டியில ஒரு லகூனோட கரை உடைஞ்சு சுமார் ஒன்பதரை கோடி லிட்டர் கழிவு நியூ ரிவர் ஆத்துல கலந்தது. மீன்கள் கூட்டம் கூட்டமா செத்துச்சு. 1997ல புது லகூனுக்கு மாநிலம் தற்காலிகத் தடை போட்டுச்சு. 1999ல ஃபிளாய்ட் புயல் வந்து பண்ணைகளையே முழுகடிச்சது. 2000ல ஸ்மித்ஃபீல்ட் மாநில அட்டர்னி ஜெனரலோட ஒரு ஒப்பந்தம் போட்டு, லகூனுக்கு மாற்று கண்டுபிடிக்க ஒன்றரை கோடி டாலர் கொடுத்துச்சு. நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியை நடத்துச்சு.

அதுல ஜெயிச்ச சிஸ்டத்தோட பேரு சூப்பர் சாயில்ஸ். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கினது. டூப்ளின் கவுண்டியில ஒரு நிஜப் பண்ணையில முழு அளவுல ஓட்டிப் பார்த்தாங்க. மூணு படி. முதல்ல பாலிமர் போட்டு திடப்பொருளைப் பிரிக்கணும். ரெண்டாவது, மிச்சத் தண்ணியில இருக்கிற அம்மோனியாவை பாக்டீரியாவை வச்சு நைட்ரஜன் வாயுவா மாத்தணும். மூணாவது, சுண்ணாம்பு போட்டு பாஸ்பரஸைப் படிய வைக்கணும். சுண்ணாம்போட காரம் கிருமியையும் கொன்னுடும்.

இந்த வரிசைதான் முக்கியம். ரெண்டாவது படிக்குக் காத்து அடைக்கணும், கரண்ட் செலவாகும்னு மேலே பார்த்தோம். ஆனா முதல் படியிலேயே திடப்பொருள் போயிட்டதால ஆக்சிஜனைத் தின்கிற கூட்டம் கம்மி. அம்மோனியாவை மாத்துற பாக்டீரியா ரொம்ப சாது, மெதுவா வளரும். கரிமக் கழிவு அதிகமா இருந்தா வேகமா வளர்ற மத்த பாக்டீரியா அதோட ஆக்சிஜனைப் பிடுங்கிக்கும். போட்டிக்கு ஆள் இல்லாததால இங்கே அதுக்கு வழி கிடைச்சது. தண்ணியில மிதக்கிற திடப்பொருள்ல 97 சதவீதத்துக்கும் மேல போயிடுச்சு. இன்னொரு விஷயம், இந்தத் தண்ணியை விட்ட பழைய லகூனே மெல்ல மாற ஆரம்பிச்சு, ஆக்சிஜன் இருக்கிற குளமா ஆச்சு. நாத்தத்துக்கு யாரும் தனியா மருந்து போடலை.

அப்போ ஏன் எல்லாப் பண்ணையிலும் இது இல்லை? ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்தது. புது முறை சுற்றுச்சூழலுக்கு நல்லதா இருந்தா மட்டும் போதாது, பண்ணைக்குப் பொருளாதார ரீதியாவும் கட்டுப்படியாகணும். 2006ல ஆராய்ச்சி முடிஞ்சப்போ கணக்கு போட்டாங்க. செலவு லகூனை விட பல மடங்கு. ஏற்கெனவே இருக்கிற பண்ணைகளுக்குக் கட்டுப்படியாகாதுன்னு முடிவாச்சு. 2007ல புது லகூனுக்கு நிரந்தரத் தடை வந்தது. பழசு அப்படியே ஓடலாம். நார்த் கரோலினாவில் லகூன்கள் மூவாயிரத்துக்கும் மேல. எல்லாமே பழசு.

கட்டுப்படியாகாதுன்னா யாருக்கு? பெரும்பாலான பண்ணைகள் ஒப்பந்தப் பண்ணைகள். நம்ம பக்கம் பிராய்லர் கோழி வளர்க்கிறாங்களே, கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், நாம ஷெட்டு போட்டு வளர்த்துக் கொடுக்கணும், அதே மாடல். பன்றி கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது. கொட்டகையும், அதுக்கு வாங்கின கடனும், பன்றி போட்ட கழிவும், லகூனும் மட்டும் பண்ணைக்காரரோடது. அவரால சூப்பர் சாயில்ஸ் வாங்க முடியாதுதான். கணக்கை கம்பெனியோட லாபத்தையும் சேர்த்துப் போட்டிருந்தா விடை வேற மாதிரி வந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

2018ல ஃபிளாரன்ஸ் புயல் வந்தப்போ முப்பதுக்கும் மேற்பட்ட லகூன்கள் நிரம்பி வழிஞ்சது. அதே வருஷம் ஸ்மித்ஃபீல்டும் டொமினியன் எனர்ஜியும் சேர்ந்து, லகூன்களை பிளாஸ்டிக் ஷீட்டால மூடி மீத்தேனைப் பிடிச்சு குழாய் எரிவாயுவா விக்கிற திட்டத்தைப் பெருசா கொண்டு வந்தாங்க. மீத்தேன் வெளியே போகாதது நல்லதுதான், மூடின குளத்துல இருந்து நாத்தமும் வராது. ஆனா மூடிக்கு அடியில அம்மோனியாவும் பறக்க முடியாம தண்ணியிலேயே தங்கிடும். தூரும் அப்படியே சேரும், இப்போ கம்பை விட்டு அளக்கிறதுக்கும் வார்றதுக்கும் மேல ஒரு ஷீட் வேற. அந்த அம்மோனியா கூடின தண்ணி, மூடாத இன்னொரு லகூனுக்குப் போகுது, அங்கிருந்து ஸ்பிரே கன்னுக்கு. பீய்ச்சி அடிக்கிற வயலுக்கு அந்தப் பக்கம் அதே வீடுகள்.